நாற்பது சிலைடும் பார்த்தாச்சு, இன்னும் 'முழுமையடையவில்லை'யாம்!

மறுபடியும் அதே மெயில். "தாங்கள் தீத்தடுப்புப் பயிற்சியை இன்னும் முடிக்கவில்லை." மேனேஜருக்கு சிசி வேறு.

முடிக்கவில்லையா? நாற்பது சிலைடு. குரல் ஓயும்வரை 'அடுத்து' பட்டன் சாம்பல் நிறத்திலேயே கிடக்கும். பின்னை இழு, தீயின் அடியைக் குறி வை, அழுத்து, பக்கவாட்டில் வீசு என்று நாலு தடவை கேட்டு, பத்துக்கு ஒன்பது வாங்கி, திரையில் ஜிகினாத்தாள் பறந்ததையும் பார்த்துவிட்டு, மூலையில் இருந்த எக்ஸை அமுக்கினீர்கள் பாருங்கள், அதுதான் நீங்கள் செய்த மகாபாவம்!

அந்த ஒரு நொடியை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். பாடம் ஸ்கார்ம் 1.2. ஆன்லைன் பாடமும் ஆபீஸின் பயிற்சித் தளமும் (எல்எம்எஸ்) பேசிக்கொள்ள 2001-இல் வந்த தரநிலை. உங்கள் மார்க் அதுவரை பிரவுசரின் நினைவில்தான் இருக்கிறது. 'சேமி' என்று சொல்லும் எல்எம்எஸ்கமிட் மாதிரி ஒரு கட்டளையைக் கூப்பிட்டால்தான் சர்வருக்குப் போகும். பாடம் தயாரித்த புண்ணியவான் அதை ஜன்னல் மூடும்போது, ஒரே ஒரு தடவை கூப்பிட வைத்திருப்பார். மூடும் நேரத்தில் பதிலுக்காகக் காத்து நிற்கும் அந்த மாதிரிக் கோரிக்கைகளை குரோம் 2020-லேயே, 80-ஆம் பதிப்பில் தடுத்துவிட்டது. தபால்காரர் பையைத் தூக்குவதற்குள் தபாலாபீஸையே இடித்தாயிற்று. மார்க் போச்சு.

சரி, விட்ட இடத்திலிருந்து தொடரலாமே? அந்த இடத்தைக் குறித்துவைக்க 1.2 தருவது மொத்தமே 4096 எழுத்து. ஒவ்வொரு சிலைடின் நிலையையும் அதில் திணித்தால் வழியும். வழிந்தால் சேமிப்பு நின்றுவிடலாம். திரும்பவும் முதல் சிலைடு. "தீ என்றால் என்ன?" வயிற்றில் எரிகிறதே, அதுதான்! ஸ்கார்ம் 2004-இன் நான்காம் பதிப்பில் 64,000 எழுத்து வரை இடம் உண்டு. பாடத்தை எக்ஸ்போர்ட் செய்யும்போது அதைத் தேர்ந்தெடுக்கத்தான் யாருக்கும் மனசு வராது.

ஹெல்ப்டெஸ்க்கைக் கேட்டால் "கேஷை கிளியர் பண்ணுங்க." போகாத மார்க்கைக் கேஷில் தேடவா? கடைசிக் கேள்விக்குப் பதில் விழுந்த கையோடு கமிட் செய்திருந்தால் இந்தக் கூத்தே இல்லை. அதுவரை நாம்தான் பயந்து பயந்து இருக்க வேண்டும்: எக்ஸைத் தொடாமல் பாடத்துக்குள் இருக்கும் 'வெளியேறு' பட்டனையே அமுக்கு, பாப்-அப்பில் திறந்தால் பின்னால் இருக்கும் டேபை மூடாதே (பாடம் பேசுவதே அதன் வழியாகத்தான்), பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்து பச்சை டிக்கைக் கண்ணால் பார்.

டிக் விழுந்து சான்றிதழும் இறங்கியது என்றே வையுங்கள். பெயரைத் தமிழில் போட்டுப் பாருங்களேன். பிடிஎஃப் ஆக்கும் பல நிரல்களுக்கு நம் எழுத்தைக் கோக்கத் தெரியாது. செல்வி என்று அடித்தால், ச-வுக்கு முன்னால் நிற்க வேண்டியது பின்னால் போய்விடும். கொம்பு முளைத்திருப்பது 'ல்'லுக்கு!