அட்டையை விட ஆசிரியரைப் பாருங்கள்

மேல்நிலை சுழியோடிப் பயிற்சிக்கு பாடி (PADI), எஸ்எஸ்ஐ (SSI) என்ற இரண்டு பயிற்சி அமைப்புகளில் எது நல்லது என்று கேட்டு, பாடிதான் என்று கட்டுரையை முடித்திருக்கிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. பெயரே குழப்பம் தருகிறது. பாடியின் 'அட்வான்ஸ்ட் ஓபன் வாட்டர்' ஐந்து முழுக்குகளில் முடியும். ஆழமும் திசையறிதலும் கட்டாயம். எஸ்எஸ்ஐயில் அதே பெயருக்கு நான்கு சிறப்புப் பயிற்சிகளும் 24 முழுக்குகளும் வேண்டும். இரண்டையும் எப்படி ஒரே தட்டில் வைப்பது?

நான் யாழ்ப்பாணத்திலிருந்து நிலாவெளிக்குப் போய்த்தான் படித்தேன். ஒரு ஆசிரியருக்கு ஆறு பேர். திசையறி முழுக்கில் திசைகாட்டி என் கைக்கு வந்தது இரண்டு நிமிடம்தான். பயிற்சி முடித்ததற்கான அட்டை கிடைத்தது, சரி, ஆனால் திசை பிடிக்கத் தெரியவில்லை. அடுத்த வருடம் வேறு ஆசிரியரிடம் காசு கொடுத்துத் திரும்பப் படித்தேன்.

அதனால் தம்பி தங்கைகளே, முற்பணம் கட்டுமுன் ஆசிரியரிடமே பேசுங்கள். ஒரு முழுக்கில் எத்தனை பேர், கடல் கலங்கினால் நாளைத் தள்ளிவைப்பாரா என்று கேளுங்கள். இந்த அட்டையோடு மட்டக்களப்புக் கடலில் மூழ்கிய ஹெர்மிஸ் கப்பலுக்கு இறக்குகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கே நிற்காதீர்கள். அது 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. உங்கள் எல்லை 30.