ரிக்கார்டு கேட்டுப் பாடினால் கிளிப்பிள்ளையா?

கர்நாடக சங்கீதம் பற்றிய அந்த வீடியோவைப் பலர் பார்த்திருப்பீர்கள். "குருமுகமாக வராதது சங்கீதமே இல்லை, ரிக்கார்டு கேட்டுப் பாடுவது கிளிப்பிள்ளை வேலை" என்று மேடையில் ஒருவர் பேச, கீழே கைதட்டல். இன்னும் எனக்கு மனசு ஆறவில்லை.

குருமுகம், அதாவது குருவின் எதிரே உட்கார்ந்து நேராகக் கற்பது, உயர்ந்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் அது யாருக்குக் கிடைத்தது? என் அத்தைக்குக் கிடைக்கவில்லை. "பெண் பிள்ளைக்கு எதற்கு" என்று வாசலோடு அனுப்பிவிட்டார்கள். வீட்டு கிராமபோனில் ஊசியை ஒரே வரிக்குத் திரும்பத் திரும்பத் தூக்கி வைத்துத்தான் பாடம் பண்ணினார். தட்டில் அந்த இடம் மட்டும் தேய்ந்து வெளுத்திருக்கும். அதுவா கிளிப்பிள்ளை வேலை?

ரிக்கார்டு இல்லாவிட்டால் 1917இல் இறந்துபோன பாடகி கோயம்புத்தூர் தாயியின் குரல் இன்று யார் காதில் விழும்? ரிக்கார்டுக்குப் பாட வித்வான்கள் பலர் தயங்கிய காலத்தில் துணிந்து பாடியவர்கள் தேவதாசி மரபுப் பெண்கள். மைக் கிடையாது, அதெல்லாம் 1925க்கு அப்புறம்தான். ஒலியைப் பிடிக்கும் குழாய்க்கு நேரே முகத்தை வைத்து உரக்கப் பாட வேண்டும். 1902இல் கல்கத்தாவில் ரிக்கார்டுக்குப் பாடிய பாடகி கௌஹர் ஜான், பாட்டு முடிந்ததும் தன் பெயரை ஆங்கிலத்தில் சொல்வார். தட்டு அச்சாவது ஜெர்மனியின் ஹானோவரில். யார் பாட்டு என்று அங்கே தெரிய வேண்டுமே. இவர்கள் குரலை எந்தச் சீடப் பரம்பரை காப்பாற்றியது? தட்டுதான் காப்பாற்றியது.

"தட்டில் பிடிக்கிற மூன்று நிமிடத்துக்குள் ராகத்தை நறுக்கிவிட்டதே" என்பீர்கள். சரி, நறுக்கியது. அந்த மூன்று நிமிடமும் இல்லாமல் போயிருந்தால்?

"எழுதிவைத்தால் கமகம் வராது" என்றும் வருவீர்கள். கமகம் என்பது ஸ்வரத்தை அசைத்து, இழைத்துப் பாடும் நயம். முத்துசுவாமி தீட்சிதர் குடும்பத்து வாரிசான சுப்பராம தீட்சிதரே கமகத்துக்கென்று தனிக் குறிகள் போட்டு, 1904இல் எட்டயபுரத்தில் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற ஸ்வரக் குறிப்பு நூலை அச்சிட்டார். குருமுகமாக வந்ததைத்தான் அச்சில் ஏற்றினார். அவரை விடாமல் தூண்டிய சின்னசாமி முதலியார் ஒரு கிறிஸ்தவர். கீர்த்தனைகளை ஸ்வரப்படுத்தி அச்சடிப்பதிலேயே தன் பணத்தைக் கரைத்தவர்.

பாடாந்தரம், அதாவது குரு வழி வந்த பாட்டு முறை, கெட்டுவிடும் என்று பதறுகிறவர்கள் வீட்டு பீரோக்களில்தான் பாட்டு பதிந்த பழைய ஸ்பூல் டேப்புகள் (சுருள் நாடாக்கள்) பூட்டிக் கிடக்கின்றன. கேட்டால் "அது குருவின் சொத்து" என்று பதில். ஒரு வீட்டில் எடுத்துக் காட்ட மட்டும் செய்தார்கள். பூஞ்சை பிடித்து, சுற்றோடு சுற்று ஒட்டிக்கொண்டிருந்தது. சீடருக்கும் தரமாட்டீர்கள், ஊருக்கும் தரமாட்டீர்கள். அப்புறம் யாருக்காக அந்தப் பூட்டு? ஒரு நாள் கொடுங்கள். என் செலவில் டிஜிட்டலாக மாற்றி, டேப்பையும் பத்திரமாகத் திருப்பித் தருகிறேன்.