தானியங்கி வானமும் இரவுப் பணியில் ஒற்றை ஆளும்

விமானத்துக்கு இனி ஒரு பைலட் போதும், கட்டுப்பாட்டு அறைக்குப் பாதி ஆள் போதும், மிச்சத்தைக் கணினியும் செயற்கைக்கோளும் பார்த்துக்கொள்ளும் என்று ஆளாளுக்கு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். கணினி வரட்டும், அதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. கடலுக்கு மேலே பறக்கும் விமானத்தோடு கரகரக்கும் ரேடியோவில் கத்திப் பேசிய காலம் போய், தரையிலிருக்கும் கட்டுப்பாட்டாளரின் உத்தரவு எழுத்தாக விமானியின் திரைக்கு வருகிறது. அவர் ஒரு பொத்தானை அழுத்தி ஏற்றுக்கொள்கிறார். நல்ல மாற்றம்தான். சிசிடிவி மாட்டிய மறு மாதமே வாட்ச்மேனைக் குறைக்கும் அடுக்குமாடிச் சங்கத்தின் புத்தி வான்வழி நிர்வாகத்துக்கும் வந்துவிடுகிறதே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

கருவி உயிரைக் காக்கும் என்பதில் சந்தேகமே வேண்டாம். 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே சவூதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் நேருக்கு நேர் மோதி 349 பேர் இறந்தார்கள். டெல்லிக்கு வருவதும் டெல்லியிலிருந்து போவதும் அன்று ஒரே பாதை. கட்டுப்பாட்டாளரின் ரேடாரில் விமானம் புள்ளியாகத் தெரியும், அதன் உயரம் தெரியாது. 15,000 அடியில் நிற்க வேண்டிய கஜகஸ்தான் விமானம் அதற்குக் கீழே இறங்கியதை அவர் பார்த்திருக்கவே முடியாது. அதன் பிறகுதான் இந்திய வானில் டீகாஸ் என்னும் மோதல் தவிர்ப்புக் கருவி கட்டாயமானது. நெருங்கும் இரு விமானங்களின் கருவிகளும் தங்களுக்குள் பேசிக்கொண்டு, ஒன்றை ஏறச் சொல்லும், மற்றதை இறங்கச் சொல்லும்.

சரி, கருவி ஒன்று சொல்லி, தரையிலிருக்கும் மனிதர் வேறொன்று சொன்னால்? 2001 ஜனவரியில் ஜப்பான் வானில் இது நடந்தது. இரண்டு ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானங்களிலும் சேர்த்து 677 பேர், மயிரிழையில் தப்பினார்கள். யாருடைய சொல்லைக் கேட்பது என்று தெளிவாக விதி எழுதுங்கள் என ஜப்பான் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பிடம் கேட்டுக்கொண்டது. விதி வரவில்லை. விபத்து வந்தது.

2002 ஜூலை 1 நள்ளிரவு நெருங்கும் நேரம், ஜெர்மனியின் யூபர்லிங்கனுக்கு மேலே ஒரு ரஷ்யப் பயணிகள் விமானமும் ஒரு டிஎச்எல் சரக்கு விமானமும் ஒரே உயரத்தில் வந்துகொண்டிருந்தன. அந்த வானம் சுவிட்சர்லாந்தின் சூரிச் கட்டுப்பாட்டு மையத்தின் பொறுப்பு. இரவுப் பணியில் இருந்த இருவரில் ஒருவர் ஓய்வெடுக்கப் போயிருந்தார். அது அங்கே வழக்கம், நிர்வாகத்துக்கும் தெரியும். மிஞ்சிய ஒருவர் இரண்டு திரைகளுக்கு நடுவே அல்லாடிக்கொண்டிருந்தார். தாமதமாக வந்த இன்னொரு விமானத்தைத் தரையிறக்கும் வேலையும் அவர் தலையில்தான். பராமரிப்புக்காக முதன்மைத் தொலைபேசி இணைப்பு நிறுத்தப்பட்டிருந்தது. மோதலை முன்கூட்டிக் காட்டும் எச்சரிக்கையும் திரையில் வராது. ஆபத்தைக் கண்டுகொண்ட ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ கட்டுப்பாட்டு மையத்தினர் சூரிச்சை அழைத்து அழைத்துப் பார்த்தார்கள், இணைப்பு கிடைக்கவில்லை. கடைசி நிமிடத்தில் கவனித்த சூரிச்காரர் ரஷ்ய விமானத்தை இறங்கச் சொன்னார். அதே நேரத்தில் அதன் டீகாஸ் ஏறச் சொன்னது. விமானிகள் மனிதரை நம்பி இறங்கினார்கள். சரக்கு விமானம் கருவியை நம்பி இறங்கியது. 71 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் குழந்தைகள்.

அதற்குப் பிறகு டீகாஸ் சொல்வதே இறுதி என்று விதி தெளிவானது. ஏர்பஸ் இன்னும் ஒரு படி போய், ஏ380 விமானத்தில் தானியங்கிக் கருவியே அந்தக் கட்டளையை நிறைவேற்றும்படி செய்தது. அந்தச் சில நொடிகளில் மனிதர் யோசிப்பதைவிட இது மேல், சரியான முடிவு. ஆனால் யூபர்லிங்கனில் பாதிப் பாடம் இன்னும் பாக்கி இருக்கிறது: ஒற்றை ஆள், இரண்டு திரை. 2025 ஜனவரி 29 அன்று வாஷிங்டனில் பயணிகள் விமானமும் ராணுவ ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறந்தபோதும், விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருவர் பார்க்க வேண்டிய வேலையை ஒருவரே பார்த்துக்கொண்டிருந்தார். ஹெலிகாப்டர் தன் இருப்பிடத்தை ஒலிபரப்பவில்லை. தரைக்கு அவ்வளவு அருகில் டீகாஸ் ஏறு, இறங்கு என்று கட்டளை தராது. அதன் வடிவமைப்பே அப்படி.

இணைப்பு கூடக்கூட இன்னொரு வினோதமும் வருகிறது. 2023 ஆகஸ்ட் 28, பிரிட்டன். லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து பாரிஸுக்குப் போகும் ஒரு விமானத்தின் பயணத் திட்டத்தில் ஒரே குறியீடு கொண்ட இரண்டு இடங்கள் இருந்தன: ஒன்று அமெரிக்காவின் டெவில்ஸ் லேக், மற்றது பிரான்சின் டோவில். வான்வழிக் கட்டுப்பாட்டுக் கணினி குழம்பியது, தவறான தகவலைக் கட்டுப்பாட்டாளருக்குக் கொடுப்பதைவிட நின்றுவிடுவது மேல் என்று நின்றது. அதில் குற்றமில்லை. மாற்றுக் கணினி கைகொடுக்க வந்தது. அதிலும் அதே மென்பொருள், அதே குழப்பம், அதுவும் நின்றது. பொறுப்புப் பொறியாளர் வீட்டில் இருந்தார். தொலைவிலிருந்து சரிசெய்ய முடியாமல் நேரில் வர வேண்டியதாயிற்று. ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட பயணிகள் அவதிப்பட்டார்கள். ஒரே மாதிரி இரண்டை வாங்கி வைத்துவிட்டு அதை மாற்று ஏற்பாடு என்று சொல்லிக்கொள்வது யாரை ஏமாற்ற?

எழுத்துச் செய்தியில் நாம் இழப்பதையும் சொல்ல வேண்டும். 2017 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவில் ஏர் கனடா விமானம் ஓடுபாதை என்று நினைத்து, நான்கு விமானங்கள் வரிசையில் நின்ற டாக்ஸிவேயை, அதாவது ஓடுபாதைக்கு விமானங்கள் ஊர்ந்து போகும் பக்கப் பாதையை நோக்கி இரவில் இறங்கியது. 'இவர் எங்கே போகிறார்? டாக்ஸிவேயின் மேல் இருக்கிறார்' என்று கீழே நின்ற ஒரு விமானி பொது அலைவரிசையில் சத்தம் போட்டார். ஏர் கனடா விமானம் தரையிலிருந்து ஏறக்குறைய 60 அடிக்கு வந்துவிட்டு மேலே ஏறியது. கோபுரத்தில் அன்றும் ஒரே ஆள்தான். எல்லோர் காதிலும் எல்லோருடைய பேச்சும் விழுவதால் கிடைக்கும் காவல் அது. கட்டுப்பாட்டாளருக்கும் ஒரு விமானிக்கும் மட்டும் தெரியும் குறுஞ்செய்தியில் அது கிடைக்காது. நடுக்கடலில் எழுத்து போதும். ஓடுபாதை அருகே குரல் வேண்டும்.

நம் ஊருக்கு வந்தால், 2025 நவம்பரில் டெல்லியில் பயணத் திட்டங்களை அனுப்பும் தானியங்கிச் செய்தி அமைப்பு பழுதாகி எண்ணூறுக்கும் மேற்பட்ட விமானங்கள் தாமதமாயின. கட்டுப்பாட்டாளர்கள் கையால் வேலை செய்து சமாளித்தார்கள். கையால் செய்யத் தெரிந்தவர்கள் அங்கே இருந்ததால் முடிந்தது. முழுத் தானியங்கி முறைக்குப் பழகிய அடுத்த தலைமுறைக்கு அந்தக் கை எங்கிருந்து வரும்? கணினியை அணைத்துவிட்டு வேலை செய்யும் பயிற்சி, சம்பளத்தோடு, பணி நேரத்திலேயே அவர்களுக்கு வேண்டும். அதற்கான செலவைக் கணினி வாங்கும் டெண்டரிலேயே சேர்த்து எழுத வேண்டும்.

ஒற்றைப் பைலட் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு செய்தி: இன்றைய விமானி அறையை வைத்துக்கொண்டு, நடுவழியில் ஒருவர் மட்டும் ஓட்டும் முறை இருவர் தரும் பாதுகாப்புக்கு ஈடாகும் என்று காட்ட முடியவில்லை என்பதுதான் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை 2025-இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு. இதற்குப் பிறகும் விடாப்பிடியாக அதைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டாவது விமானியின் சம்பளம் மிச்சமானால் உங்கள் டிக்கெட் விலை எத்தனை ரூபாய் குறையும் என்று அவர்களிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.