"ஏலாது சேர்" என்று பிள்ளை சொன்னால் நில்லுங்கள்

சனிக்கிழமையிலிருந்து அந்த வீடியோ கண்ணில் படாத நேரமில்லை. வட்சப் குழுக்களிலும் வந்தது, இங்கேயும் என் நண்பர்கள் பலர் பகிர்ந்துவிட்டார்கள். 1500 மீற்றரின் கடைசிச் சுற்று. அந்தத் தம்பி இடது காலை ஊன்ற முடியாமல் நொண்டுகிறான். கோட்டுக்கு வெளியே கூடவே ஓடிக்கொண்டு பயிற்றுநர் கத்துகிறார், "நிக்காத, ஓடு, ஓடு!" பின்னணியில் பாட்டு. மேலே "விடாமுயற்சி" என்று பெரிய எழுத்து.

அந்தப் பாட்டுக்கு அடியில் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். இரண்டு தடவை சொல்கிறான், "ஏலாது சேர்" என்று. இத்தனை பேர் பார்த்து இத்தனை பேர் கைதட்டியிருக்கிறீர்கள், ஒருவருக்குமா அது கேட்கவில்லை?

வியாழக்கிழமை நான் இரண்டு வரி எழுதியதற்கே எவ்வளவு ஏச்சு. அதனால் ஆறுதலாக எழுதுகிறேன். பிள்ளை ஏலாது என்றால் நிற்பாட்ட வேண்டும். பதக்கம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் நிற்பாட்ட வேண்டும்.

"பிள்ளைகள் சாட்டுச் சொல்லுவார்கள் அக்கா, எல்லாவற்றையும் நம்பினால் பயிற்சி நடக்காது" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். உண்மைதான், சொல்லுவார்கள். டச்பே கடற்கரையில் விடிய ஐந்தரைக்கு மணலில் ஓடவிட்டால் நான் பயிற்றுவிக்கிற பிள்ளைகளும் சொல்லுகிறார்கள். ஆனால் சாட்டையும் காயத்தையும் பிரித்தறிய வழி இருக்கிறது. கடுமையாக ஓடிய மறுநாள் வரும் நோவு இரண்டு காலிலும் வரும், தசை முழுக்கப் பரவியிருக்கும், இரண்டு மூன்று நாளில் போய்விடும். "எங்க நோகுது, ஒரு விரலால தொட்டுக் காட்டு" என்று கேளுங்கள். பிள்ளை எலும்பில் ஒரே இடத்தைத் தொட்டு, நேற்றுக் காட்டிய அதே இடத்தை இன்றும் காட்டினால், அன்றைக்கு அந்தப் பிள்ளை ஓடக்கூடாது. இதற்கு டிப்ளோமா தேவையில்லை. கேட்கிற மனம் இருந்தால் போதும்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், பதினாறு வயதில் நான் தொட்டுக் காட்டினேன். 800 மீற்றர் ஓடுவேன், வலயத்தில் முதலிடம். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில், ஒரு சதக் காசளவு இடத்தில் நொந்தது. முதலில் ஓடி முடிந்த பிறகு நொந்தது. அப்புறம் ஓடும்போதே. கடைசியில் வகுப்புக்குப் படி ஏறும்போதும். பயிற்றுநரிடம் சொன்னேன். "வெல்ல விருப்பமில்லாத ஆக்களுக்குத்தான் நோகும்" என்றார். கச்சான் காற்று நெருப்பாக அடித்த ஒரு மத்தியானம் மாகாணப் போட்டியில் ஓடி மூன்றாமிடம் வந்தேன். அடுத்த கிழமை நடக்க முடியவில்லை. எலும்பில் வெடிப்பு என்று டொக்டர் படத்தில் காட்டினார். திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் சுமை விழுந்தால் இப்படி வரும், முதலே ஓட்டத்தை நிறுத்தியிருந்தால் ஆறு எட்டுக் கிழமையில் ஆறியிருக்கும் என்றார். எனக்கு அந்த வருடமே போனது. பழைய நேரத்தைப் பிறகு ஒருநாளும் தொடவில்லை. பயிற்றுநர் வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மா அந்த மூன்றாமிடச் சான்றிதழை இன்னும் அலுமாரியில் வைத்திருக்கிறா. நான் அதை எடுத்துப் பார்ப்பதில்லை.

"தோற்றுப்போன கோபத்தில் எழுதுகிறீர்கள்" என்று எழுதியவருக்கும் பதில் இதற்குள்தான் இருக்கிறது. ஆம், கோபம் இருக்கிறது. இருக்கக் கூடாதா?

இன்னொருவர் எதிர்வீரசிங்கம் ஐயாவை இழுத்திருந்தார். அவர் காலத்தில் பிசியோ இருந்தாரா, ஐஸ் பை இருந்ததா என்று. 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டில் உயரம் பாய்தலில் வென்று, இலங்கைக்கு ஆசிய அரங்கின் முதல் தங்கத்தைக் கொண்டுவந்தவர் அவர். ஆனால் 1952இலேயே ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் பாய்ந்துவிட்டார். நடுவில் ஆறு வருடம். 1962இல் ஜகார்த்தாவில் வெள்ளி. பத்து வருடம் பாய்வதற்கு அந்தக் கால்கள் அவரிடம் இருந்தன. பதினைந்து வயதில் எலும்பை வெடிக்கவைத்த பிள்ளைக்கு அந்தப் பத்து வருடத்தை யார் கொடுப்பது?

"கொஞ்சினால் பதக்கம் வராது" என்பவர்களுக்கு அமெரிக்க ஜிம்னாஸ்டிக் வீராங்கனை சிமோன் பைல்ஸ். டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021இல், உலகமே பார்த்துக்கொண்டிருக்க, அணிப் போட்டியின் நடுவில் என்னால் முடியாது என்று விலகினார். அந்தரத்தில் சுழலும்போது தன் உடல் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போனது. அப்படி விழுந்தால் கழுத்து முறியும். எத்தனை பேர் கோழை என்றார்கள். 2024இல் பாரிஸில் மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் எடுத்தார்.

பயிற்றுநர்களுக்கும் நெருக்கடி இருக்கிறது, தெரியும். பலர் சம்பளமே இல்லாமல் செய்கிறார்கள், நானும்தான். அதற்காகப் பிள்ளையின் காலால் அந்தக் கணக்கைத் தீர்க்க முடியுமா?

பெண்பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாதவிடாய் நாளில் தலை சுற்றுகிறது என்று ஆண் பயிற்றுநரிடம் சொல்ல வெட்கப்பட்டு, பேசாமல் ஓடி மயங்கி விழுந்த பிள்ளையை நான் தூக்கியிருக்கிறேன். காலையில் சாப்பிட்டாயா என்று அவளை யாருமே கேட்டிருக்கவில்லை. வென்றிருந்தால் மாலை போட்டுப் படம் எடுக்கப் பத்துப் பேர் நின்றிருப்பார்கள். அன்றைக்கு அவளுக்குக் குடை பிடிக்கக்கூட ஆளில்லை. எழுதும்போது இப்போதும் கை நடுங்குகிறது.

சரி. அந்தத் தம்பியின் வீட்டாரைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் காலைக் காட்டினார்களா என்று கேட்டு எனக்கு உள்பெட்டியில் சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று வந்தாலும் விட்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்த வெடிப்பு முதல் இரண்டு மூன்று கிழமை படத்தில் தெரியாமல் இருக்கலாம். நோவு நின்றிராவிட்டால் திரும்பவும் காட்டட்டும். கூடப் போக ஆளில்லை என்றால் நான் வருகிறேன்.