அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்பவர்கள்

முகநூலில் அன்றாட விஷயங்களை எழுதுகிறவர்களைப் பார்த்து "வேலை வெட்டி இல்லாதவங்க" என்று சொல்பவர்கள் சேலத்திலும் உண்டு, ஏற்காட்டிலும் உண்டு. என் வீட்டுக்குள்ளேயே உண்டு. குக்கர் கேஸ்கட் போனது, பஸ்ஸில் குடையை விட்டது, மகன் முதல் சம்பளத்தில் பாட்டிக்குப் புடவை எடுத்தது, இதெல்லாம் ஊருக்கு எதுக்கு என்பது அவர்கள் கட்சி. நான் எதிர்க்கட்சி. ஆனால் இந்த வழக்கில் எல்லாரும் எழுதுகிறவரையே கூண்டில் ஏற்றுகிறார்கள். படிக்கிறவர் என்ன செய்கிறார் என்பதுதான் எனக்கு முக்கியம். படித்துவிட்டு "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்க ஒரு ஆள் இருந்தால் அது நட்பு. கேட்க ஆளில்லை என்றால் ஐயாயிரம் பேர் பட்டியலில் இருந்தும் அது வெறும் பட்டியல்தான்.

நல்லது கெட்டதை நாலு பேருக்குச் சொல்வது சேலத்துக்காரர்களுக்குப் புதுசா என்ன? பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து செவ்வாய்ப்பேட்டை வரைக்கும் ஒரு நடை நடந்து பாருங்கள். யார் வீட்டில் காதுகுத்து, யார் வீட்டில் மஞ்சள் நீராட்டு, யாருக்குக் கண்ணீர் அஞ்சலி என்று பிளக்ஸும் போஸ்டரும் சொல்லிவிடும். ஆடி வந்தால் சேலம் குகைப் பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கையில் பக்கத்துத் தெரு ஆட்கள் சாமி வேஷம் கட்டி வண்டியில் நிற்பார்கள். முன்பின் தெரியாத கூட்டம் வாய் பிளந்து பார்க்கும். அவ்வளவு பகிரங்கமாக வாழ்ந்து பழகிய ஊர், போனில் நாலு வரி எழுதினால் மட்டும் முகம் சுளிக்கிறது.

பகிரங்கம் பழசு, சரி. ஆனால் பதில் சொல்லும் முறை மாறிப்போனது. 2009 பிப்ரவரியில் பேஸ்புக்கில் லைக் பட்டன் வந்தது. அதற்கு முன்னால் ஒருவர் எழுதியது பிடித்திருந்தால் பிடித்திருக்கிறது என்று நாலு எழுத்தாவது தட்ட வேண்டும். பட்டன் வந்ததும் அந்த வேலை மிச்சம். "எங்கள் பாட்டி இன்று காலமானார்" என்ற பதிவின் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள் நின்ற காலம் ஞாபகம் இருக்கிறதா? ஏழு வருஷம் அப்படித்தான் ஓடியது. 2016 பிப்ரவரியில்தான் அழுமூஞ்சியும் கோபமூஞ்சியும் மற்றதும் வந்தன. 2020-இல் கொரோனா ஊரடங்கு சமயத்தில் இதயத்தைக் கட்டிப்பிடித்திருக்கும் ஒரு மூஞ்சியும் சேர்ந்தது. மூஞ்சிகள் கூடக் கூட வாய் குறைந்துவிட்டது என்பது என் எண்ணம்.

துக்கம் கேட்கப் போகிற வீட்டில் என்ன நடக்கும்? வந்தவர் உட்கார்ந்ததும் "என்னங்க ஆச்சு, நல்லாத்தானே இருந்தாரு?" என்று ஆரம்பிப்பார். ராத்திரி என்ன சாப்பிட்டார், யார் பக்கத்தில் இருந்தார்கள், டாக்டர் என்ன சொன்னார், எல்லாம் கேட்பார். வீட்டுக்காரர் முதல் ஆளிடம் தேம்பித் தேம்பிச் சொல்வார். ஆட்கள் வர வர அதே கதை கோர்வையாகும். சாயங்காலத்துக்குள் போனவருடைய குறும்பு ஒன்று நடுவில் நுழைந்து, அழுத முகம் சிரித்தும் விடும். கேள்விகள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. "ஆழ்ந்த இரங்கல்" என்பதை அழுத்திப் பிடித்து, காப்பி எடுத்து, ஒட்டிவிட்டுப் போகிறவரால் அது முடியாது.

என் அப்பா கொலுசுப் பட்டறைக்காரர். செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு பக்கமெல்லாம் வீட்டுக்கு வீடு வெள்ளி வேலை நடக்கும். ஒரு கொலுசு நம் காலுக்கு வருவதற்குள் பல கை மாறும். உருக்குகிறவர் ஒருவர், கம்பி இழுப்பவர் ஒருவர், கோர்ப்பவர், பற்றவைப்பவர், மெருகு போடுபவர் என்று. அப்பா பற்றவைக்கிற ஆள். அவர் போனபோது மூன்றே வரிதான் எழுதினேன். வழக்கமான இரங்கல்கள் வந்தன. தப்பாகச் சொல்லவில்லை, அதுவும் ஒரு மரியாதைதான். அவற்றுக்கு நடுவே மன்னாரிலிருந்து ஒரு தங்கை, நேரில் பார்த்ததே கிடையாது, இப்படிக் கேட்டிருந்தாள்: "அக்கா, அப்பா செய்த கொலுசு ஒண்டாவது உங்களிட்ட இருக்கோ?"

இருந்தது. பீரோவில் என் மகளுடைய முதல் கொலுசு. எடுத்துப் பார்த்தேன். அப்பா குழந்தைக் கொலுசு செய்தால் திருகாணியின் முனையைச் சின்ன அரத்தால் ராவி மழுங்கடித்துவிடுவார். குழந்தை ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்க்கும், கீறக் கூடாது என்பார். அதற்குத் தனிக்கூலி கிடையாது. யாரும் கேட்டதும் கிடையாது. அன்று ராத்திரி அந்தத் தங்கைக்குப் பதில் எழுத உட்கார்ந்து, அரத்தைப் பற்றி, பட்டறையில் எப்போதும் அடிக்கும் அமில நெடியைப் பற்றி, அப்பாவின் விரல் நுனிகளைப் பற்றி எழுதிக்கொண்டே போனேன். சொந்தக்காரர்களிடம் சொல்லாதது அது. சொந்தக்காரர்களுக்கு அப்பாவைத் தெரியும், அதனால் யாரும் கேட்கவில்லை.

துக்கத்துக்காவது நாலு பேர் வந்துவிடுவார்கள். சந்தோஷத்தைச் சொல்வதுதான் கஷ்டம். அதற்கு நம் ஊரில் திருஷ்டி என்று ஒரு பெரிய பூட்டு இருக்கிறது.

எங்கள் காபித் தோட்டம் ஏற்காட்டில் சின்னதாக ஒன்று. சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக் கொடி, கீழே அராபிகா. மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ செடியைப் பூக்க வைக்கும் பூமழை ஒன்று பெய்ய வேண்டும். பெய்து ஏழெட்டு நாள், பத்து நாளில் ஒரு காலை எழுந்து பார்த்தால் கிளை முழுக்க வெள்ளை. கணுவுக்குக் கணு நெருக்கிக் கட்டியது போலப் பூ. மல்லிகை வாசம்தான், ஆனால் கொஞ்சம் காரம் கூடியது. காற்று திரும்பினால் சமையலறைக்குள் வந்துவிடும். இரண்டு மூன்று நாளில் பழுப்படித்து முடிந்துவிடும். (இந்தச் செடியை 1820-களில் இங்கே கொண்டுவந்தவர் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை. முதல் பூவைப் பார்த்ததும் அவரும் யாருக்காவது கடிதம் எழுதியிருப்பார் என்றுதான் நினைத்துக்கொள்வேன்.) அதைப் படம் எடுத்துப் போட்டால் அம்மா போனில் பிடித்துக்கொள்வார்: "எதுக்கு கண்ணு இதையெல்லாம் போட்டுக்கிட்டு? ஊர்க்கண்ணு பொல்லாதது. காய் பிடிக்கட்டும், அப்புறம் சொல்லு." காய் பிடித்தால் பழுக்கட்டும் என்பார். பழுத்தால் பறிக்கட்டும். பறித்து விற்று முடித்தபின் என்னத்தைச் சொல்வது?

அம்மா சொல்வதில் நியாயமே இல்லை என்று தள்ளவும் மாட்டேன். பக்கத்துத் தோட்டத்தில் தண்டுத்துளைப்பான் விழுந்து செடி செடியாகப் பிடுங்கி எரித்துக்கொண்டிருக்கும்போது என் பூவை நான் பரப்பக் கூடாது. திருஷ்டி என்று பெரியவர்கள் சொன்னதில் பாதி, இல்லாதவர் முன்னால் இருக்கிறதைக் கடை பரப்பாதே என்கிற நாகரிகம்தான். மீதிப் பாதிக்குப் பூசணிக்காய் இருக்கிறது.

அமெரிக்க உளவியலாளர் ஷெல்லி கேபிளும் அவருடைய கூட்டாளிகளும் 2004-இல் இதைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நல்ல செய்தியை இன்னொருவரிடம் சொல்லும்போது, அந்தச் செய்தி கொடுத்த சந்தோஷத்துக்கு மேலே தனியாக ஒரு சந்தோஷம் சேர்கிறது என்றார்கள். கேட்பவர் ஆர்வமாகக் கேட்டால் அது கூடும். "ஓ, நல்லது" என்று முடித்துக்கொண்டால் கூடாது. ஆய்வு தேவையா இதற்கு என்று கேட்கலாம். மகன் வேலை கிடைத்த செய்தியைச் சொன்னதும் "சம்பளம் எவ்வளவு?" என்று மட்டும் கேட்கும் மாமாக்களுக்குக் காட்டவாவது தேவை.

சின்னச் சின்ன அசம்பாவிதங்களைச் சொல்வது துக்கம், சந்தோஷம் இரண்டையும்விடச் சுலபம். அவமானம் நம்முடையது, சிரிப்பு ஊருடையது, யாருக்கும் பொறாமை வராது. சேலத்திலிருந்து வரும்போது மலைப்பாதையில் வண்டியை ஓரங்கட்டினோம், ஒரு குரங்கு என் மடியிலிருந்த தட்டுவடை செட் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு கைப்பிடிச் சுவரில் போய் உட்கார்ந்தது. தட்டுவடையைக் கடித்துப் போட்டுவிட்டு, நடுவிலிருந்த பீட்ரூட் துருவலை மட்டும் நிதானமாகத் தின்றது. வாயெல்லாம் சிவப்பு. மகன் எடுத்த அந்த வீடியோவுக்கு வந்த கூட்டம் என் எந்தக் கட்டுரைக்கும் வந்ததில்லை. காரச் சட்னியா பச்சைச் சட்னியா, எந்தக் கடை, நொறுக்கல் வாங்கியிருந்தால் என்ன செய்திருக்கும் என்று இரண்டு நாள் விவாதம். அதில்தான் குடகில் எஸ்டேட் ரைட்டராக, அதாவது கணக்கெழுதுபவராக இருந்த ஓர் அண்ணன் பழக்கமானார்.

அடுத்த டிசம்பரில் களத்தில் காபிப் பழம் காய்ந்துகொண்டிருந்தபோது பருவம் தப்பிய மழை கொட்டியது. நனைந்த களத்தைப் படம் பிடித்துப் போட்டேன். பெரும்பாலும் அழுமூஞ்சிகள் வந்தன. அண்ணன் மட்டும் கேள்வி கேட்டார். எத்தனை நாள் காய்ந்தது? கையில் எடுத்துக் குலுக்கினால் உள்ளே கொட்டை ஆடுகிற சத்தம் வருகிறதா? இல்லை என்றேன். "அப்படின்னா குவிச்சுத் தார்ப்பாய் போட்டு மூடிடாதீங்கம்மா, உள்ளே சூடேறிப் பூசணம் பிடிச்சுடும். திண்ணை, கூடம் எங்கே இடம் இருந்தாலும் மெலிசாப் பரப்புங்க, கிளறிக்கிட்டே இருங்க." கூடத்தில் பரப்பினோம். சோபாவைத் தூக்கி வெளியே வைத்தோம். முழுசும் இல்லையென்றாலும் பெரும்பகுதி தேறியது. முகம் பார்க்காத நட்பு என்றதும் பிசிராந்தையாரையும் கோப்பெருஞ்சோழனையும் இழுத்துக்கொண்டு வருவீர்கள், தெரியும். அவர்கள் கூடவே வடக்கிருந்து உயிர்விட்ட பெரிய ஆட்கள். எனக்குத் தார்ப்பாய் போடாதே என்று சொல்ல ஒருவர் இருந்தால் போதும்.

ஒருமுறை என் பெயரிலும் என் படத்திலும் யாரோ போலிக் கணக்கு தொடங்கி நண்பர்களிடம் அவசரமாகப் பணம் கேட்டார்கள். "வணக்கம், ஒரு சின்ன உதவி" என்று ஆரம்பம். அண்ணன் திருப்பிக் கேட்டாராம், "பணம் கிடக்கட்டும், காபி பூத்துடுச்சா?" அது நவம்பர் மாதம். "ஆமாம், நன்றாகப் பூத்திருக்கிறது" என்று பதில் வந்ததும் எல்லாருக்கும் சொல்லிவிட்டார். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே அழைக்க வேண்டும். நல்லவேளை யாரும் அனுப்பவில்லை.

எதையும் பகிரலாம் என்று நான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மயக்கத்தில் கிடக்கும் மாமியாரின் படம், பெட்டியில் கிடத்தியிருப்பவரின் முகம், மகளின் மதிப்பெண் பட்டியல் பதிவு எண்ணோடும் பிறந்த தேதியோடும், இவை எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. அவை அவர்களுடையவை, நம்முடையவை அல்ல. வீட்டுக்காரர் சொல்வதற்கு முன் சாவுச் செய்தியை முந்திப் போடும் ஆட்களை என்ன செய்வது என்று தெரியவில்லை. பெற்ற பிள்ளை பஸ்ஸில் வந்துகொண்டிருக்கும்போது போனில் அப்பா போன செய்தியைப் படிப்பான் என்று யோசிக்க மாட்டார்களா?

கேட்பதற்கும் அளவு உண்டு. "எப்ப விசேஷம்?" என்பது அக்கறை அல்ல, குடைச்சல். எதிராளி தானாகத் திறந்த கதவுக்குள் மட்டும் எட்டிப்பார்க்க வேண்டும்.

குடகு அண்ணன் போன வருஷம் தவறிவிட்டார். அவருடைய மகள் அவர் கணக்கிலிருந்தே எழுதியிருந்தாள். நானும் இரங்கல் சொல்லிவிட்டு, கொஞ்சம் தயங்கி, அப்பா எப்படிக் காபி குடிப்பார், சிக்கரி சேர்த்தா சேர்க்காமலா என்று கேட்டேன். "அப்பா காபியே குடிக்க மாட்டாங்க ஆன்ட்டி, டீ மட்டும்தான். காபி வாசம் வேலை ஞாபகம் வருதுன்னு சொல்லுவாங்க" என்றாள். இத்தனை வருஷத்தில் இதை அவர் என்னிடம் சொன்னதே இல்லை. அப்புறம் அவளே நிறையச் சொன்னாள். அவள் இப்போது எனக்கும் சிநேகிதி.

அவர் பிறந்தநாளுக்கு, செய்தி தெரியாதவர்கள் "நூறாண்டு வாழ்க" என்று கேக் படங்களோடு வந்து வாழ்த்தியதைப் பார்த்துத் தவித்துப்போனாள். இறப்பைத் தெரிவித்து விண்ணப்பித்தால் பேஸ்புக் அந்தக் கணக்கை நினைவுக் கணக்காக மாற்றிவிடும், பிறந்தநாள் நினைவூட்டல் யாருக்கும் போகாது. நாம் இருக்கும்போதே, நமக்குப் பின் கணக்கைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை நியமிக்கவும் 2015 முதல் வழி இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்த கையோடு என் கணக்குக்கு மகனை நியமித்தேன். "அப்ப உன் மெசேஜ் எல்லாம் நான் படிக்கலாமா மா?" என்றான். முடியாது, உள்ளே நுழையவே முடியாது, முகப்புப் படத்தை மாற்றலாம் என்றேன். குரங்கு படத்தை வைக்கப் போகிறானாம். வைக்கட்டும்.