புதன்கிழமைச் சீட்டு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பாம்பன், மண்டபம் பக்கம் குடியை நிறுத்த ஆளை மறுவாழ்வு மையத்தில் சேர்ப்பதென்றால், வீட்டுப் பெண்கள் இந்த இரண்டு மாதத்தைத்தான் பார்த்து வைத்திருப்பார்கள். படகு கரையில் நிற்கிறது, வருமானம் எப்படியும் இல்லை. என் மதினியும் அப்படித்தான் அண்ணனைக் கூட்டிப் போனார்.

முதல் சில நாள் கை நடுக்கம், வியர்வை, தூக்கமில்லை. நாள்பட்டுக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், இல்லாதது கண்ணுக்குத் தெரியலாம், உயிரே போகலாம். தயவுசெய்து மருத்துவர் துணை இல்லாமல் வீட்டில் முயலாதீர்கள். ஆனால் அந்த நாட்களில் இறங்குவது உடம்பில் ஏறியது மட்டும்தான். மனசுக்கான வைத்தியம் அப்புறம்தான் ஆரம்பம். எந்த நேரத்தில் குடி இழுக்கிறது என்று கவுன்சிலர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே இருக்க, அண்ணனே ஒருநாள் சொன்னார்: கரை சேர்ந்து பங்குக் காசு கையில் விழுகிற காலை. இனி மதினி ஜெட்டிக்கே வந்து காசை வாங்கிக்கொள்வது என்று பேசி முடித்தார்கள். இத்தனை வருடம் சண்டை போட்ட எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

தடை முடிந்தது. மறுபடி வரச் சொல்லிச் சீட்டில் எழுதியது புதன்கிழமை. அண்ணன் படகு கடலுக்குப் போகும் நாட்களில் புதன்கிழமையும் ஒன்று. இரண்டு முறை தவறிவிட்டது. அப்புறம் ஒரு வியாழக்கிழமை போய் நின்றவரிடம், "ஒழுங்கா வராதவனுக்கு எதுக்குய்யா வைத்தியம்?" என்று அத்தனை பேர் முன்னால் ஒருவர் கேட்டார். அதோடு சரி. அந்தச் சீட்டு சட்டைப் பையிலேயே கிடந்து, ஒரு மீன் செதில் ஒட்டியபடி, மடிப்பில் கிழிந்துபோனது. ஆவணியில் மறுபடி குடித்தார்.

"அவனுக்குத் திருந்த மனசில்லை" என்றது ஊர். நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். 90 நாளுக்குக் குறைந்த சிகிச்சையில் பலன் குறைவு என்று அமெரிக்காவின் தேசிய போதைப்பொருள் ஆய்வு நிறுவனம் வழிகாட்டியிருக்கிறது. நம் தடைக்காலமோ 61 நாள். மீதி நாட்களைக் கடலுக்குப் போய்க்கொண்டேதான் அவர் கடக்க வேண்டும். அப்படியானால் கடலின் கணக்கைப் பார்த்துத்தானே நாள் குறிக்க வேண்டும்? சர்க்கரை ஏறிவிட்டது என்று வருகிறவரை யாரும் விரட்டுவதில்லையே.

இன்னொரு பக்கம், "பூட்டிப் போட்டால் சரியாகிவிடும்" என்பவர்களும் இருக்கிறார்கள். நம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று மனநலக் காப்பகத் தீயில் 28 பேரைப் பறிகொடுத்தோம். சங்கிலி அவர்களை ஓட விடவில்லை. ஆளைத் தக்கவைப்பது என்பது கட்டி வைப்பது அல்ல. குடியை விட கோயிலில் கயிறு கட்டிக்கொள்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கெடு முடிந்ததும் சிலர் தாங்களாகவே போய் மறுபடி கட்டிக்கொள்கிறார்கள். அங்கே யாரும் அவர்களைத் திட்டுவதில்லை.

இந்த வருடம் வேறொரு இடத்தில் சேர்த்தோம். அங்கிருந்த கவுன்சிலர் பெண் முதலில் கேட்டது, "அண்ணே, உங்க படகு என்னைக்குப் போகும்?" வெள்ளிக்கிழமை என்று எழுதிக் கொடுத்தார். போன மாதம் ஒரு வெள்ளி அண்ணன் போகவில்லை. சாயங்காலமே போன் வந்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது.

"குடிச்சிட்டேன்மா."

"சரிண்ணே. காலையில வாங்க, நான் இருப்பேன்."

சனிக்கிழமை படகு அண்ணன் இல்லாமல்தான் போனது.