அந்த 100 சதவீதம் வெளியே வரும் ஒளியின் கணக்கு இல்லை

அண்ணே, கோலாலம்பூர் லோ யாட் பிளாசா கடைத்தொகுதியில் போன் வாங்கப் போகிற தம்பிக்கு நீங்கள் சொன்ன பதிலில் ஒன்றைத் திருத்தியே ஆக வேண்டும். "பாஸ்பரசென்ட் ஓஎல்இடியில் மின்சாரம் 100 சதவீதம் வெளிச்சமாகிவிடும்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஓஎல்இடி என்பது மின்சாரம் பாய்ந்தால் தானே ஒளிரும் கரிமப் படலம் கொண்ட திரை. அந்த 100 உள் குவாண்டம் திறன் மட்டும்தான், அதாவது செலுத்தும் மின்னேற்றங்களில் எத்தனை பங்கு படலத்துக்குள் ஒளியாகிறது என்ற கணக்கு. சாதாரண ஃப்ளோரசென்ட் ஒளிர்பொருளில் மின்சாரம் பாயும்போது உருவாகும் எக்சைட்டான்களில் (ஆற்றல் ஏறிய நிலைகளில்) சுமார் கால்வாசிதான் ஒளி தரும். இரிடியம், பிளாட்டினம் போன்ற கன உலோகம் சேர்ந்த பாஸ்பரசென்ட் மூலக்கூறில் மீதி முக்கால்வாசியும் ஒளியாகும். 1998இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஃபாரஸ்ட், தாம்ப்சன் குழு காட்டிய வழி அது, பெரிய சாதனை.

ஆனால் உள்ளே பிறந்த ஒளி வெளியே வர வேண்டுமே! கரிமப் படலம், கண்ணாடி இரண்டின் ஒளிவிலகல் எண்ணும் காற்றைவிட அதிகம். அதனால் சாய்வாகப் போகும் ஒளி எல்லையில் பட்டு உள்ளேயே திரும்பிவிடும்; தட்டையான சாதனத்திலிருந்து ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் தப்பி வரும். பினாங்கில் படித்தபோது ஆய்வகத்தில் சின்ன மாதிரி ஒன்றை இருட்டில் எரியவிட்டோம். கண்ணாடியின் விளிம்பு பளிச்சென்று ஒளிர்ந்தது. உள்ளே சிக்கிய ஒளி அப்படித்தான் பக்கவாட்டில் கசிகிறது. நுண்வில்லைத் தகடு ஒட்டினால் அதில் கொஞ்சம் முன்பக்கம் திரும்பும்.

அப்புறம் நீலம். பெரும்பாலான ஓஎல்இடி போன் திரைகளில் சிவப்பும் பச்சையும்தான் பாஸ்பரசென்ட். நீலத்தில் அது சீக்கிரம் தேய்வதால் ஃப்ளோரசென்டே ஓடுகிறது. தம்பி, பாஸ்பரசென்ட் என்ற பெயரைத் தேடி அலையாமல் வெயிலில் திரை எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்று பார்த்து வாங்குங்கள்.